ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பேர், மூன்று தபால் பெட்டி

மலைச் சரக்கு விற்கும் கமிஷன் மண்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறுமலையிலிருந்து ஒரே வேனில் பழையூர்க்காரர் வாழைத்தாரும் புதூர்க்காரர் எலுமிச்சை மூட்டையும் ஏறி வரலாம். இறக்கியவுடன் யார் சரக்கு எது என்று பிரித்து, ஆளுக்கொரு சிட்டை போட்ட பிறகுதான் விலைக்குப் போகும். கலந்து கொட்டிவிட்டால் மாலையில் கணக்கு முடிக்கும்போது சண்டைதான் மிஞ்சும். மளிகைக் கடைக்காரர்களான நாமும் இந்த விஷயத்தில் கறாரானவர்களே. கல்லாவிலிருந்து வீட்டுக்குக் காய்கறி வாங்க நூறு ரூபாய் எடுத்தாலும் ‘சொந்தப் பற்று’ என்று எழுதிவிட்டு எடுத்தவர்கள் நம் பெரியவர்கள்.

இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் பிரிக்கும் நாம் இ-மெயில் விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு இ-மெயில் முகவரி. கடை பில்லும் அதில்தான், பாங்க் ஸ்டேட்மெண்டும் அதில்தான், ஜி.எஸ்.டி. நோட்டீசும் அதில்தான், பிள்ளைகளின் பரீட்சைக் கடிதமும் அதில்தான். இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம்.

வெளியே கதை தேட வேண்டாம், நம் வீட்டில் நடந்ததையே எழுதுகிறோம்.

நம்முடையது திண்டுக்கல்லில் சில்லறையும் கொஞ்சம் மொத்தமுமாக நடக்கும் மளிகைக் கடை. மலைமேல் உள்ள சிறு கடைகள் சிலவற்றுக்கும் சரக்கு கொடுக்கிறோம். கடையில் மிளகாய் நெடியும் மாவுத் தூசியும் அடங்காது என்பதால் கம்ப்யூட்டரை வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறோம். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த சமயம் மூத்த மகன் ஒரு ஜிமெயில் முகவரி திறந்து, அதையே பதிவுக்கும் கொடுத்துவிட்டு, சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். இளைய மகன் கடையைப் பார்க்கிறான். கம்ப்யூட்டர் பக்கம் அவன் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆகவே அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் இரண்டே பேர்: ஒன்று நாம், மற்றது இளைய மருமகள். அவள் கணிதத்தில் பட்டமேற்படிப்பும் பி.எட்.டும் முடித்தவள். பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட ஒரு முகவரி வேண்டும் என்று கேட்டபோது, “இருக்கிற முகவரியையே கொடும்மா, எதற்கு இன்னொன்று?” என்று சொன்னது நாம்தான்.

சென்ற ஆண்டு ஒரு நாள் ஜி.எஸ்.டி.யிலிருந்து நோட்டீஸ் வந்தது. கொள்முதலில் நாம் எடுத்திருந்த வரி வரவுக்கும் சப்ளையர்கள் காட்டியிருந்ததற்கும் வித்தியாசம், 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று விவரம். தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்த மருமகள் அதைத் திறந்திருக்கிறாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்திருக்கிறாள். அன்று மாலை குழந்தைக்குக் காய்ச்சல். பேச்சு விட்டுப்போயிற்று.

இருபத்திரண்டாம் நாள் ஆடிட்டர் போன் செய்து, “என்ன அண்ணாச்சி, நோட்டீசுக்கு ஒன்றும் செய்யவில்லையா?” என்று கேட்டபோதுதான் நமக்கு விஷயமே தெரியும். மீதி எட்டு நாள். பழைய பில் கட்டுகளைச் சாக்கிலிருந்து கொட்டித் தேடினோம். ஒரு சப்ளையர் இரண்டு பில்லை வேறொருவர் நம்பரில் ஏற்றியிருந்தது தெரிந்தது. கெடு முடிவதற்குள் பதில் போட்டாயிற்று. “மாமா, அந்தக் கடிதத்தை வந்த அன்றைக்கே பார்த்தேன். தப்பு என்னுடையதுதான்” என்று மருமகள் வந்து நின்றாள். நாமும் ஒரு வார்த்தை சற்றுக் கூடுதலாகச் சொல்லிவிட்டோம்.

அந்த வாரமே நம் கணக்கும் வெளியே வந்தது. ஒரு பள்ளியிலிருந்து தனக்குக் கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் விளம்பரக் கடிதங்களை ஒன்றுவிடாமல் அழிப்பது நம் வழக்கம். கல்லாவைத் துடைப்பது போல அதில் ஒரு திருப்தி. ஜிமெயிலில் அழித்த கடிதம் 30 நாள் குப்பைக்கூடையில் கிடக்கும். போய்ப் பார்த்தால், நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்ன கடிதம் அதில் கிடந்தது. தேர்வுத் தேதி போய் நான்கு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தின் முத்திரையைப் பார்த்ததும், மாணவர் சேர்க்கை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளியிருக்கிறோம். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நம் நோட்டீஸ் எட்டு நாள் மிச்சத்தில் பிழைத்தது. அவளுடைய வேலை போயிற்று.

அதன்பிறகுதான் இதை உட்கார்ந்து யோசித்தோம்.

தடித்த எழுத்தும் மெலிந்த எழுத்தும்

பொதுப் பெட்டியில் உள்ள பெரிய ஆபத்து, ஒருவர் ரகசியத்தை மற்றவர் படித்துவிடுவார் என்பது மட்டுமல்ல. திறக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும், ஒருமுறை திறந்துவிட்டால் மெலிந்துவிடும். திறந்தது யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒருவர் திறந்த கடிதம் இன்னொருவர் கண்ணுக்குப் பழைய கடிதமாகிவிடுகிறது. தபால்காரர் கொண்டுவந்த கவரை யாரோ பிரித்து மேசைமேல் வைத்திருந்தால், வீட்டில் எல்லோரும் ‘பார்த்துவிட்டார்கள்’ என்று நினைப்பார்களே, அதே கதைதான்.

சட்டம் இதற்கெல்லாம் இரக்கம் காட்டாது. 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆவது பிரிவின்படி, பதிவின்போது கொடுத்த இ-மெயில் முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவதும், பொது இணையதளத்தில் நம் கணக்கில் ஏற்றி வைப்பதும், முறையாகச் சார்பு செய்த வழிகளிலே சேர்ந்தவை. பதிவை ரத்து செய்ய ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்கும் நோட்டீசுக்கு 7 வேலை நாளே அவகாசம். எதிரான உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அதற்குமேல் இல்லை. இணையதளத்தில் ஏற்றிய நோட்டீசைப் பார்க்கவே இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன வியாபாரிகள் பலர். பல வழக்குகளில், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி மறு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது நீதிமன்றம். வக்கீல் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால், கடிதத்தை நேரத்தில் பார்ப்பது எவ்வளவு மலிவு என்று புரியும்.

இந்தப் பிரிவினை ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. பெங்களூரில் வளர்ந்து அமெரிக்கா போன சபீர் பாட்டியாவும் அவருடைய சகா ஜாக் ஸ்மித்தும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தத் தொழிலுக்குத் திட்டம் போட்டார்கள். அலுவலக இ-மெயிலில் எழுதிக்கொண்டால் மேலாளர் கண்ணில் பட்டுவிடும் என்ற பயம். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் இணையம் வழியாகத் தன் பெட்டியை மட்டும் திறக்கும் வழி இருந்தால் என்ன என்று யோசித்தார்கள். 1996 ஜூலை 4ஆம் தேதி ஹாட்மெயில் வந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட புதிதில், பெரும்பாலும் ஒரு இணைப்புக்கு ஒரு முகவரி என்றே இருந்தது. வீட்டுக்கு ஒரு முகவரி போதும் என்ற எண்ணம் அப்போது ஒட்டிக்கொண்டது போலும். இன்று முகவரி திறக்கக் காசு இல்லை, கணக்கும் இல்லை. ஒட்டிக்கொண்ட எண்ணம் மட்டும் போகவில்லை.

இரண்டு பேருக்கு மூன்று

இரண்டு பேர் என்றால் இரண்டு பெட்டி போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே நாம் அனுபவத்தில் கண்டது. நமக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, ஆக மூன்று.

கடைக்கென்று தனியாக ஏன்? கடை நம் சொந்தப் பெயரில் நடந்தாலும், நாம் வேறு, கடை வேறு. நாளைக்கு அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள், அல்லது பெரியவர் தவறிப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுப் பில்லும், சப்ளையர் கடிதமும், பாங்க் தகவலும் ஒருவருடைய சொந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டால், கடைச் சாவியைக் கொடுத்தாலும் கணக்கைக் கொடுக்க முடியாது. கடைப் பெட்டி கடையோடு போக வேண்டும். நம் ஊர்களில் கடைப் பதிவு மனைவி பெயரில் இருக்கும், வியாபாரம் கணவர் செய்வார். நோட்டீஸ் யார் பேருக்கு வருகிறது, யார் பெட்டியில் விழுகிறது, யார் பார்க்கிறார் என்பது மூன்று வேறு ஆளாக இருக்கிற வீடுகளை நாமறிவோம். இன்னும் சிலர், பதிவு செய்துகொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரருடைய இ-மெயிலையே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இது கடைச் சாவியைப் பக்கத்துத் தெருக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

கடைப் பெட்டியை இரண்டு பேரும் பார்க்கத்தான் வேண்டும். அதற்காகப் பாஸ்வேர்டை இரண்டு பேரும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, அமைப்புகளில் ‘கணக்குகள்’ என்ற பகுதிக்குப் போனால், இந்தப் பெட்டியைப் பார்க்க இன்னொருவருக்கு அனுமதி தரும் வசதி இருக்கிறது. அனுமதி பெற்றவர் தன் சொந்தப் பெட்டியிலிருந்தே கடைப் பெட்டியைத் திறக்கலாம், பதிலும் போடலாம். பாஸ்வேர்டை மாற்ற அவரால் முடியாது. அதே இடத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: மற்றவர் திறந்த கடிதத்தைப் படித்ததாகக் காட்டவா, படிக்காததாகவே விட்டுவிடவா? இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மருமகள் திறந்து பார்த்தாலும் கடிதம் நமக்குத் தடித்த எழுத்திலேயே நிற்கும். இது முன்பே தெரிந்திருந்தால் எட்டு நாள் மூச்சுவாங்கல் இருந்திருக்காது.

ஒரே கம்ப்யூட்டரில் பிரிப்பது

பெட்டிகளைப் பிரித்தாயிற்று. கம்ப்யூட்டர் ஒன்றுதானே இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது?

பழைய ஆட்களுக்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நினைவிருக்கும். 1999இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு ‘அடையாளம்’ வைத்து, கடிதங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. பாஸ்வேர்டும் போடலாம். ஆனால் அது பேருக்குத்தான். விவரம் தெரிந்தவர் கோப்பைத் தேடி எடுத்துவிடலாம். பின்னால் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த மெயில் மென்பொருளில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். விண்டோசிலேயே ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ள முடியும்போது இது எதற்கு என்பதே காரணம். இன்றைக்கும் சரியான வழி அதுதான்.

விண்டோசின் அமைப்புகளில் ‘கணக்குகள்’ என்ற இடத்தில் ‘மற்ற பயனர்’ என்ற பகுதி இருக்கும். அங்கே இன்னொருவரைச் சேர்த்து, அவர் கையாலேயே பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள். பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே இரண்டு பெயர் தெரியும். அவரவர் பெயரைத் தொட்டு, அவரவர் பாஸ்வேர்டு போட்டால், அவரவர் திரை. பிரவுசரும், அதில் சேமித்த பாஸ்வேர்டும், இறக்கிவைத்த கோப்பும், வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் அதுவும், தனித்தனியாகிவிடும். பிரிண்டர் இரண்டு பேருக்கும் ஒன்றே. எழுந்து போகும்போது விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானையும் ‘எல்’ பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இதைப் பழக்கப்படுத்திக்கொள்ள நமக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கணக்குகளில் நிர்வாகி என்றும் சாதாரணப் பயனர் என்றும் இரண்டு வகை உண்டு. நிர்வாகியாக இருப்பவர் நினைத்தால் மற்றவர் கோப்புகளுக்குள் போக முடியும். வீட்டுப் பெரியவர் என்று நாமே நிர்வாகியாக உட்கார்ந்துகொண்டால் மருமகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மாற்றுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கதைதான். நிர்வாகி கணக்கைத் தனியே ஒதுக்கி, அதன் பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு பேருமே சாதாரணப் பயனராக இருப்பது மரியாதை. வைரஸ் போன்ற தொல்லைகளுக்கும் அது நல்லது.

இவ்வளவு வேண்டாம், பிரவுசரிலேயே பிரித்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு குரோமில் ‘சுயவிவரம்’ என்ற வசதி உண்டு. மேலே வலப்பக்கம் உள்ள வட்டத்தைத் தொட்டால் ஆளுக்கொன்று திறக்கலாம். கடிதங்கள் கலக்காது. ஆனால் இது கூடத்துக்கு நடுவே தொங்கவிட்ட திரைச்சீலை, சுவர் அல்ல. ஒருவர் கையை நீட்டினால் மற்றவருடையதைத் திறந்துவிடலாம். கணவன் மனைவிக்குள் இது போதும் என்றால் சரி. பாங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் போதாது.

இன்னும் விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

மற்ற தொல்லைகள்

ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம். கடிதம், டிரைவ் கோப்பு, போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஒரே முகவரியை வீட்டில் உள்ளவர் போனிலும் போட்டிருந்தால், கல்யாண வீடியோவும் பேரன் போட்டோவும் ஏறி இடம் நிறைந்துவிடும். நிறைந்துவிட்டால் புதுக் கடிதம் உள்ளே வராது. அனுப்பியவருக்குத்தான் திரும்பிப் போகும், நமக்குச் சத்தமே கேட்காது. கடைப் பெட்டியை யார் போனிலும் போட்டோ சேமிக்கப் பயன்படுத்தக்கூடாது. இன்னொரு பக்கம், இரண்டு ஆண்டு திறக்காமல் போட்ட கணக்கை கூகுள் அழித்துவிடலாம். திறந்துவைத்துவிட்டு மறக்கிறவர்களுக்கு இது.

பணம் போகும் வழி ஒன்றும் இருக்கிறது. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் மண்டி பெயரில், ‘எங்கள் பாங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்கு அனுப்பவும்’ என்று ஒரு கடிதம் வரும். பொதுப் பெட்டியில் ஒருவர் பார்த்துவிட்டு, மற்றவர் விசாரித்திருப்பார் என்று விட்டுவிடுவார். மற்றவரும் அப்படியே நினைத்துப் பணத்தை அனுப்பிவிடுவார். கணக்கு நம்பர் மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், நம்மிடம் முன்பே உள்ள போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் காலணா அனுப்பக்கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குச் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஜி.எஸ்.டி. பதிவில் இ-மெயிலை மாற்றுவது பலர் பயப்படுகிற அளவு கஷ்டமில்லை. இணையதளத்தில் பதிவுத் திருத்தம் என்ற இடத்தில், அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத திருத்தங்களில் இது சேர்ந்தது. கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவரின் விவரத்தில் புது முகவரியைப் போட்டால் அதற்கு ஓ.டி.பி. வரும். அதைக் கொடுத்து, முறைப்படி கையொப்பமிட்டுச் சமர்ப்பித்தால் முடிந்தது. பழைய இ-மெயிலும் போனும் பாஸ்வேர்டும் எல்லாமே வேறொருவர் கையில் மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும், தக்க ஆதாரங்களோடு நம் வரம்புக்குரிய வரி அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும். அவர் மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது.

நாம் மாற்றியது ஒரே பகலில் முடிந்தது. சப்ளையர்களுக்குச் சொல்வதுதான் இழுத்தது. பாங்குக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு, இன்சூரன்சுக்கு, லாரி ஆபீசுக்கு என்று ஒரு தாளில் பட்டியல் போட்டு, சொன்னவர் பெயரையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தோம். கடைப் பெட்டியின் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய கவர், நம்மூர் மாங்காய்ப் பூட்டுப் போட்ட பழைய பெட்டிக்குள் பேரேடுகளோடு இருக்கிறது. சாவி இருக்கும் இடம் இளைய மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும். மருமகளின் சொந்தப் பெட்டிக்கு என்ன பாஸ்வேர்டு என்று நமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. புது முகவரியில் இரண்டு பள்ளிகளுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருப்பதாக மகன் சொன்னான்.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்காரர் மட்டும் எத்தனை முறை சொல்லியும் பழைய முகவரிக்கே பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்காக வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பழைய பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் புறப்படுகிறோம்.